அறுவடைக்கு முன் வீடும் களஞ்சியமும் சுத்தம் செய்தல்: தக்க கருவிகளும் பொருள்களும்

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. விளைந்த நெல்லையும் பயறையும் தன் வீட்டிலேயே சேமித்து வைக்கும் குடியானவனுக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆறு மாதம் பாடுபட்டு விளைவித்த தானியம், சுத்தம் செய்யப்படாத ஒரு குதிரினுள் இரண்டொரு மாதங்களில் மாவாகவும் உமியாகவும் போய்விடுவது உண்டு. வயலில் பூச்சி விழுந்தால் கவலைப்படும் விவசாயிகளில் பலர், வீட்டில் விழும் பூச்சியைக் கவனிப்பதில்லை. வயலில் சேதமாவது விளையக்கூடிய நெல். வீட்டில் சேதமாவதோ, உழுத கூலி, நட்ட கூலி, உரத்தின் விலை யாவும் செலுத்தி முடித்த நெல்.

போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழுங்கு செய்து வெள்ளையடிப்பது தமிழ் நாட்டு வழக்கம். சம்பா நெல் வீடு வந்து சேரும் தை மாதத்திற்கு முன்னால் இது அமைந்திருப்பது மிகவும் பொருத்தமே. ஆயினும், கூடத்திற்கும் வாசலுக்கும் வெள்ளையடித்துவிட்டு, களஞ்சிய அறையை அப்படியே விட்டுவிடுவோர் பலர். குறுவை நெல் வரும் காலத்தில் அவ்வளவு முயற்சியும் காணப்படுவதில்லை. ஆயுத பூசைக்குக் கலப்பையையும் மண்வெட்டியையும் துலக்கும்போதே குதிரையும் பத்தாயத்தையும் துலக்கிவிடுவது நலம்.

பூச்சிகள் தங்கும் இடங்கள்

கூன்வண்டு தானிய மணியைத் துளைத்து அதனுள்ளே முட்டையிடுகிறது. புழு உள்ளேயே வளர்ந்து வண்டாகி வெளிவரும்வரை பார்வைக்கு மணி நன்றாகவே தோன்றும். சிவப்பு மாவு வண்டு, உடைந்த மணிகளிலும் தூசியிலும் பெருகுவது. கப்ரா வண்டின் புழு, சுவர் வெடிப்புகளில் ஒடுங்கிக்கொண்டு, உணவில்லாமலே பல மாதங்கள் உயிர் தரித்திருக்க வல்லது. ஆகையால் களஞ்சியம் காலியாயிருந்தது என்பதனாலேயே அது பூச்சியற்றது என்று எண்ணலாகாது. பழைய சாக்கின் தையல், பத்தாயப் பலகையின் இடுக்கு, தரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலை, முறத்தில் ஒட்டிய மாவு ஆகிய இவையே பூச்சிகளின் இருப்பிடங்கள். கருவிகளைத் தெரிந்தெடுக்கும்போது இவ்விடங்களை மனத்தில் வைத்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

கருவிகள்

துடைப்பம் ஒன்றே எல்லாவற்றிற்கும் போதும் என்று எண்ணுவது தவறு. முற்றம், தொழுவம், கரடுமுரடான தரை ஆகியவற்றிற்குத் தென்னை ஈர்க்குத் துடைப்பமே தக்கது. வழவழப்பான தரையில் படிந்த மெல்லிய தூசியை ஈர்க்கு தள்ளாது. அதற்குப் பூந்துடைப்பம் வேண்டும். உத்தரத்திற்கும் ஓட்டுச் சாய்ப்பிற்கும் நீண்ட மூங்கிலில் கட்டிய ஒட்டடைக் கம்பு அவசியம். களஞ்சிய அறைக்கென்று தனியே ஒரு துடைப்பம் ஒதுக்கி, தொழுவத்துத் துடைப்பத்தை அங்கே புகவிடாதிருப்பது முக்கியம்.

பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் அடைந்த பழைய தானியத்தைச் சுரண்டி எடுக்க, தட்டையான இரும்புக் கரண்டியும் கெட்டியான நார்த் தூரிகையும் வேண்டும். வெடிப்புகளை அடைக்கக் கொத்துக் கரண்டி ஒன்று போதும். எலி வளைகளுக்குக் கண்ணாடித் துண்டுகளும் சிறு கற்களும் கலந்து சிமெண்டுக் கலவையால் அடைத்தால், எலி மீண்டும் தோண்டுவது அரிது. மண்ணால் மட்டும் அடைப்பது ஓரிரவுக்குத்தான் உதவும்.

வேலை செய்வோரின் காப்பிற்கும் பொருள் வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் துணி, கைகளுக்கு ரப்பர் உறை, கால்களுக்குக் கெட்டியான செருப்பு அல்லது பூட்ஸ் என்பன வீண்செலவு அல்ல. பழைய சாமான்களைக் கையால் தூக்கு முன் ஒரு கோலால் தட்டிப் புரட்டிப் பார்த்தால், தேள், பாம்பு இவற்றால் வரும் விபத்து குறையும். எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்கலாகாது; நீர் தெளித்து நனைத்து அள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தினால் எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் பரவுகிறது. காலில் புண் உள்ளவரை இவ்வேலையில் இறக்கலாகாது.

சுண்ணாம்பு

சுத்தப் பொருள்களுள் விலை குறைந்ததும் பயன் மிகுந்ததும் சுண்ணாம்பே. புதிதாய் நீற்றிய சுண்ணாம்பு மிகுந்த காரமுடையது; கிருமிகளைக் கொல்லும்; வெடிப்புகளை மூடும்; அறையில் வெளிச்சத்தைப் பெருக்கிப் பூச்சியையும் எலித் தடத்தையும் கண்ணுக்குக் காட்டும். காற்றுப்பட்டு நாளடைவில் தானே நீறிப்போன தூள் வலுவிழந்தது. கட்டியாகவும், நீரில் இட்டவுடன் கொதித்துப் பொங்குவதாகவும் உள்ளதையே வாங்க வேண்டும்.

நீற்றுவதற்குப் பிளாஸ்டிக் வாளி உதவாது, சூட்டில் உருகும். இரும்புப் பீப்பாயோ பழைய தொட்டியோ நலம். முதலில் நீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். கட்டிகளின்மேல் நீரைக் கொட்டினால் தெறித்து முகத்தைச் சுடும். சிறுவர்களை அருகில் விடலாகாது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். உடனே சுத்தமான நீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால்போல் கரைத்து, சிறிது அரிசிக் கஞ்சி சேர்த்தால் சுவரில் நன்கு பிடிக்கும். சுவரை நீரால் நனைத்துக்கொண்டு பனை மட்டையாலோ தூரிகையாலோ மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடிப்பது, கெட்டியாக ஒரு முறை அடிப்பதைவிட மேல்.

பிளீச்சிங் பவுடரும் சோடாவும்

கழிப்பறை, சாக்கடை, எலி நடமாடிய தரை இவற்றிற்குப் பிளீச்சிங் பவுடர் தக்கது. காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் இதன் சக்தி குறையும். ஆகவே மூடிய பொட்டலமாக, வேண்டிய அளவே வாங்குவது நலம். 10 லிட்டர் நீருக்கு 150 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை உபயோகிக்கலாம். அழுக்கும் சாணமும் இருக்கும் இடத்தில் இதனை ஊற்றினால் மருந்து அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் கழுவி, பிறகே இதனை இட வேண்டும்.

இங்கு ஒரு பேரபாயம் உண்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒன்றாய்க் கலந்தால் குளோரின் என்னும் விஷ வாயு எழும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி, முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே போர்வீரர்கள்மீது விடப்பட்டது இதே வாயு. இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று எண்ணி, காற்றோட்டமில்லாத சிறு அறையில் இவற்றைக் கலப்பவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். தொழுவத்தில் மாட்டுச் சிறுநீர் தேங்கிய இடத்தில் இதனைக் கொட்டினாலும் கண்ணையும் மார்பையும் எரிக்கும் வாயு உண்டாகும்.

எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையலறைக்குச் சலவைச் சோடாவும் வெந்நீரும் போதும். ஆனால் அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் புளியும் சாம்பலும் இன்றும் நல்லனவே.

வீட்டில் வைக்கலாகாதவை

பழைய பரண்களில் டி.டி.டி., பி.எச்.சி. பொடிகள் இன்னும் கிடப்பதுண்டு. டி.டி.டி.யை விவசாயத்தில் உபயோகிப்பது இந்தியாவில் 1989-ஆம் வருஷத்திலும், பி.எச்.சி. 1997-ஆம் வருஷத்திலும் தடை செய்யப்பட்டன. இவற்றைத் தானியத்தின்மீதோ களஞ்சியத்திலோ தூவலாகாது. கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டலாகாது. மூடி தனியே வைத்து, வேளாண்மை அலுவலகத்தில் ஆலோசனை கேட்க வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ இவற்றினும் கொடியது. ஈரக்காற்றுப் பட்டவுடன் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையின்றி இதனை உபயோகிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. மனிதர் உறங்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை. காலிக் களஞ்சியத்தில் மாலத்தியான் முதலியவற்றைத் தெளிக்க விரும்புவோர், புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரின் காரத்தில் அம்மருந்து விரைவில் வலுவிழக்கும் என்பதை அறிய வேண்டும்.

வேலையின் ஒழுங்கு

சாமான்களை வெளியே எடுத்து வெயிலில் காய வைத்தல், ஒட்டடை அடித்தல், இடுக்குகளைச் சுரண்டுதல், பெருக்குதல், வெடிப்பும் வளையும் அடைத்தல், சுண்ணாம்பு பூசுதல், நன்கு உலரவிடுதல் என்பதே முறை. மேலிருந்து கீழாகவும் உள்ளிருந்து வெளியாகவும் வேலை நடக்க வேண்டும். பெருக்கிய குப்பையில் பூச்சிகள் உயிரோடிருக்கும். அதனை எருக்குழியில் போடாமல் ஆழப் புதைக்க வேண்டும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் நனைத்து, கடும் வெயிலில் உலர்த்தித் தையல்களை உதற வேண்டும். சுவரும், சாணம் மெழுகிய தரையும் ஈரமாயிருக்கும்போது நெல்லைக் கொண்டுவந்து கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். நெல்லும் ஈரம் 14 சதவிகிதத்திற்கு மிகாமல் காய்ந்திருக்க வேண்டும்; நெல் அந்துப்பூச்சி வயலிலேயே கதிரில் முட்டையிட்டு வருவதால், நன்கு காய வைத்தலும் சுத்தத்தின் ஒரு பகுதியேயாகும்.

ஒரு வீடு மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. அடுத்த வீட்டு எலி வேலி தாண்டி வரும். அந்துப்பூச்சி பறந்து வரும். ஆகவே கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் அறுவடைக்கு முன் ஒரு வாரத்தைக் குறித்து, ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் இவ்வேலை நடக்குமாறு செய்தல் தகும். சுண்ணாம்பையும் சிமெண்டையும் சேர்ந்து வாங்கினால் வண்டிக் கூலி குறையும். ஒட்டடைக் கம்பையும் பீப்பாயையும் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம். பொதுக் களஞ்சியத்தையும் பள்ளிச் சத்துணவு அரிசி வைக்கும் அறையையும் முதலில் சுத்தம் செய்து காட்டினால், மற்றவர் தாமே பின்பற்றுவர். இவ்வேலைக்கு ஆகும் செலவு சில மூட்டைச் சுண்ணாம்பும் சில நாள் கூலியுமே; அதனால் காக்கப்படுவது வருஷம் முழுவதும் குடும்பம் உண்ணும் சோறும், அடுத்த போகத்திற்குரிய விதையுமாகும்.