குப்பைக்கு ஏன் இத்தனை தொட்டிகள்?

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் மறுசுழற்சி மையங்களில் மரம், இரும்பு, ஜிப்சம் பலகை, பேட்டரி, ஃப்ரிட்ஜ் என ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன?

ஜிப்சம் பலகை ஏன் தனியே?
சுவரிலும் கூரையிலும் பதிக்கும் இந்தப் பலகைக்குள் இருப்பது கால்சியம் சல்பேட். காய்கறிக் கழிவோடு சேர்ந்து மண்ணில் புதைந்தால், காற்றுப் புகாத ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு அது. தனியே சேர்த்தாலோ, காகிதத்தை உரித்து, ஜிப்சத்தை அரைத்துப் புதுப் பலகையே செய்யலாம்.

பேட்டரி ஏன் தீப்பிடிக்கிறது?
லித்தியம் பேட்டரியின் இரு மின்முனைகளையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். குப்பை லாரி அழுத்தும்போது அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூடு வேதிவினையை முடுக்க, உள்ளிருக்கும் திரவம் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் காகிதம் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பழைய ஃப்ரிட்ஜை எப்படிப் பிரிக்கிறார்கள்?
முதலில் குளிரூட்டும் வாயுவையும் கம்ப்ரசர் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மூடிய இயந்திரத்துக்குள் பெட்டியை நொறுக்குகிறார்கள். சுவரின் நுரைக்குள்ளும் வாயு அடைபட்டிருக்கிறதே! ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு முந்தைய பெட்டிகளில் பெரும்பாலும் அது ஓசோனை அழிக்கும் சிஎஃப்சி. நொறுங்கிய துண்டுகளில் இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்துக்கு மசியாது. வேகமாகச் சுழலும் காந்த உருளை அதற்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதை எட்டத் தள்ளிவிடும்.

இத்தனை வேலைக்கும் முதல் கட்டம் நம் கையில்தான். பேட்டரியைக் கழற்றித் தனியே போட ஒரு நிமிடம் போதும். கலந்தபின் பிரிப்பது எந்த இயந்திரத்துக்கும் எளிதல்ல.