மெயில் வருகிறது, ஆனால் போகவில்லையா?

கீழ்பென்னாத்தூரில் புதிதாக இன்டர்நெட் இணைப்பு பெற்ற நண்பர் ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப முயன்றார். தண்டர்பேர்டில் மெயில் வந்தது; போகவில்லை. மறுநாள் கடைசித் தேதி. அவருக்கு நான் சொன்ன வழி இது.

மெயிலைப் பெற்றுத் தருவது ஐமேப் சர்வர். அனுப்புவது எஸ்எம்டிபி சர்வர். இரண்டும் வேறு என்பதால், ஒன்று இயங்கும்போதே மற்றொன்று நிற்கலாம். ஸ்பாம் மெயில்களைத் தடுக்க, இணைப்பு தரும் நிறுவனங்கள் பல 25ஆம் எண் போர்ட்டை மூடி வைத்துள்ளன.

அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று, அவுட்கோயிங் சர்வரைத் தேர்ந்தெடுத்து எடிட் கிளிக் செய்யுங்கள். போர்ட் எண்ணை 587 என மாற்றி, பாதுகாப்புக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? 2022 மே இறுதியிலிருந்து தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்ட் செல்லாது. அங்கே ஓஆத்2 என மாற்றுங்கள்.

பின் உங்கள் முகவரிக்கே ஒரு மெயில் அனுப்பிச் சோதியுங்கள்.