தவறுகளைப் படித்த ஆசிரியை

1970 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவுகளை அகலத் திறந்தது. நகரத்தின் எந்தப் பள்ளியில் படிப்பை முடித்திருந்தாலும், மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உண்டு என்றது. அப்போது கட்டணமும் கிடையாது. அந்த ஆண்டு முதலாண்டில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 20,000தான்.

நிர்வாகம் மனமிரங்கிச் செய்த காரியம் இல்லை இது. 1969 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டி கல்லூரியின் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் வளாகத்தின் தென்பகுதியைக் கைப்பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கல்லூரி நிற்பது கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெமில், உள்ளே உட்கார்ந்திருப்பதோ பெரும்பாலும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள், இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 1975இல் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்த திறந்த சேர்க்கையைப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டு முன்னுக்கு இழுத்தது அதற்குப் பிறகுதான்.

இடம் கிடைத்துவிட்டது. எந்த ஆங்கில வகுப்பில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்ய, வந்தவர்கள் எல்லோரையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அந்தத் தாள்களைப் பார்த்த பல பேராசிரியர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். இவர்களைக் கல்லூரியில் சேர்த்ததே தவறு என்று வெளிப்படையாகவே பேசியவர்களும் உண்டு. சிட்டி கல்லூரி ஆசிரியை மினா ஷானஸியும் முதலில் திகைத்துத்தான் போனார். இத்தனை தாமதமாக வந்து இவர்களுக்கு நான் என்ன செய்துவிட முடியும் என்று வெறிச்சோடிய வகுப்பறையில் உட்கார்ந்து யோசித்ததைப் பின்னால் எழுதியிருக்கிறார். ஆனால் தாள்களை மூடி வைக்கவில்லை. 1970க்கும் 1974க்கும் இடையில் எழுதப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடினார்.

ஷானஸி 1924இல் தெற்கு டகோட்டாவில், லீட் என்ற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி, அம்மா பள்ளி ஆசிரியை. நாடகம் படித்துவிட்டு நியூயார்க் வந்தவர். முனைவர் பட்டம் கிடையாது. 1967 முதல் சிட்டி கல்லூரியில், 'சீக்' என்று அழைக்கப்பட்ட ஆயத்தப் படிப்பில், எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பாளர். ஏழை மாணவர்களைக் கல்லூரிப் பாடத்துக்குத் தயார் செய்யும் படிப்பு அது. அங்கே அவரோடு பாடம் எடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டால் இலக்கியம் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா. பின்னாளில் அமெரிக்க இலக்கியத்தில் பெரும்பெயர்களான இவர்கள், அன்றைக்கு முதலாண்டு மாணவர்களுக்குக் காற்புள்ளி எங்கே வரும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய வகுப்புக்கு 'போன்ஹெட் இங்கிலீஷ்' என்றே பட்டப்பெயர் இருந்தது. நம் ஊர்ப் பேச்சில் மக்கு வகுப்பு. ஷானஸி அதற்கு 'பேசிக் ரைட்டிங்' என்று பெயர் வைத்தார், அடிப்படை எழுத்து.

அவர் என்ன கண்டார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த ரகத்துக்கு நானே கட்டியது: 'மை சிஸ்டர் ஒர்க் இன் டூ ஆபீஸ் அண்ட் ஷி ஹேவ் டு வாக்ட் ஹோம்.' அக்கா இரண்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வீட்டுக்கு நடந்துதான் வர வேண்டியிருக்கிறது என்று சொல்ல வருகிறான் பையன். திருத்துபவர் சிவப்பு மையில் நாலு சுழி போட்டு, ஒருமை பன்மை தெரியவில்லை, காலம் தெரியவில்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். பையனுக்கும் தான் எதற்கும் லாயக்கில்லை என்பது மறுபடி உறுதியாகும்.

சற்று நின்று பார்க்கலாம். 'டூ ஆபீஸ்' என்று எழுதியதில் என்ன குற்றம்? 'டூ' என்றதுமே பன்மை வந்துவிட்டது, அதற்குப் பிறகு 'எஸ்' வேறு எதற்கு? ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு இட்லிகள் கொண்டுவாருங்கள் என்று நாம் யாராவது கேட்கிறோமா? ரெண்டு இட்லிதான். எண் சொல்லிவிட்டால் 'கள்' தேவையில்லை என்பது நம் பேச்சுக்கு இயல்பு. பல மொழிகளுக்கும் அது இயல்பு.

அடுத்தது 'ஒர்க்'. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு 'எஸ்' போட்டால் பன்மை, வினைச்சொல்லுக்கு 'எஸ்' போட்டால் ஒருமை. கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான ஏற்பாடு. நான், நீ, நாம், நீங்கள், அவர்கள் என்று யாரைச் சொன்னாலும் வெறும் 'ஒர்க்'. அவன், அவள், அது என்னும் ஒரே இடத்துக்கு மட்டும் ஒரு வால். கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் அந்த வால் பெரும்பாலும் இருக்காது. வீட்டிலும் தெருவிலும் அதைப் பேசி வளர்ந்தவன் பேசியபடியே எழுதியிருக்கிறான். 'ஹேவ்' வந்ததும் அதே வழியில்தான்.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது கடைசிப் பிழை. 'டு வாக்ட்' என்று எந்தத் தெருவிலும் யாரும் பேசுவதில்லை. இது வகுப்பறையில் பிறந்தது. இறந்த காலத்துக்கு 'இடி' போடவில்லை என்று முன்பு யாரோ சுழித்துக் காட்டியிருக்கிறார்கள். பையன் அதை மனதில் வாங்கிக்கொண்டு, இனி விட்டுவிடக் கூடாது என்று தேவையில்லாத இடத்திலும் போட்டு வைக்கிறான். பாடத்தைக் கவனித்தவன் செய்யும் பிழை இது. கவனிக்காதவனுக்கு இது வரவே வராது.

ஆக நாலு சுழியும் ஒரு ரகம் இல்லை. மூன்று, பேச்சிலிருந்தும் ஆங்கிலத்தின் கோணல்களிலிருந்தும் வந்தவை, ஒன்று ஆசிரியரிடமிருந்து. ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எது குணமாகும்? 1977இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஷானஸியின் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நூல் கையெழுத்தில் தொடங்கி, நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வளம் என்று போய், வாக்கியத்துக்கு அப்பால் இருப்பவை வரை இப்படித்தான் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறது. பிழைகளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அது மாணவனின் மூளை வேலை செய்வதற்கான அடையாளம் என்பதே அந்த நூலின் சாரம்.

இந்த மாணவர்கள் எழுதவே இல்லை என்பதையும் அவர் கவனித்தார். பிரிட்டனில் உயர்நிலைப் பள்ளி மாணவர் வாரத்துக்கு 1,000 சொற்கள் எழுதக்கூடும், அமெரிக்க நடுத்தரவர்க்கப் பள்ளியில் வாரத்துக்கு 350, தன்னிடம் வந்தவர்களோ ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்தே 350 சொற்கள்தான் எழுதியிருப்பார்கள் என்று அவர் கணக்கிட்டார். ஒன்றுமே எழுதாமல் பள்ளியைக் கடந்தவர்கள்கூட இருந்திருக்கலாம் என்றார். எழுதிப் பழகாத கை ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்கும். முதல் வாக்கியத்தையே மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் அடிக்கும். மனதில் வந்த நல்ல சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் அதை விட்டுவிட்டுத் தெரிந்த சின்னச் சொல்லைப் போடும். 'பியூட்டிஃபுல்' எழுதப் பயந்து 'நைஸ்' என்று முடித்துக்கொண்டவர்கள் நம்மிலும் எத்தனை பேர்! படிப்பவருக்கு எழுதியவனின் சிந்தனையே அவ்வளவுதான் போலத் தோன்றும்.

அப்படியானால் இலக்கணத்தை அழுத்தமாக நடத்தினால் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 1963இல் வெளிவந்த பிராடக் அறிக்கையே, தனி இலக்கணப் பாடத்தால் எழுத்துக்குக் கிடைக்கும் பலன் சொற்பம், எழுதும் நேரத்தைத் தின்றுவிடுவதால் கெடுதல்கூட நேரலாம் என்றது. 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டொலொரஸ் பெரின் இருவரும் தொகுத்த 'ரைட்டிங் நெக்ஸ்ட்' அறிக்கையும் அதே பக்கம்தான். ஆனால் அதே அறிக்கை ஒரு பழைய பயிற்சிக்கு நல்ல சான்று கொடுத்தது: வாக்கியங்களை இணைத்தல்.

அது எப்படி என்றால், மாணவனிடம் மூன்று குட்டி வாக்கியம் கொடுப்பார்கள். பேருந்து தாமதம். மழை பெய்தது. அம்மா வாசலில் நின்றாள். மூன்றையும் ஒரே ஆங்கில வாக்கியமாக்கு, எத்தனை விதமாக முடியுமோ அத்தனை விதமாக. மழையால் பேருந்து தாமதமானது, அம்மா நின்றுகொண்டிருந்தாள் என்று ஒருத்தி எழுதுவாள். பேருந்து வராத மழையில் அம்மா வாசலிலேயே நின்றாள் என்று இன்னொருவன். முதலாவது பேருந்தைப் பற்றிய செய்தி, இரண்டாவது அம்மாவைப் பற்றியது. எதை முன்னால் வைப்பது, எதை 'வென்' என்றோ 'பிகாஸ்' என்றோ ஒதுக்கிப் பின்னால் தள்ளுவது என்று அவர்கள் வாதாடும்போது, எழுவாய், பயனிலை என்ற பெயர்களை உச்சரிக்காமலே வாக்கிய அமைப்பு கைக்கு வந்துவிடும்.

எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது இன்னொரு வழி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்த்தலமே 1980இல் எழுதிய கட்டுரையில், ஒரு மாணவர் தன் தாளை உரக்கப் படிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். தாளில் இருக்கும் பிழைகளில் பலவற்றை அவர் வாய் தானாகவே திருத்திப் படித்துக்கொண்டு போகிறது. தாளில் வேறு மாதிரி இருப்பது கண்ணில் படவே இல்லை. இலக்கணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் எழுத்தையே அந்நியன் கண்ணால் பார்க்கத்தான் அவருக்குப் பழக்கமில்லை.

எழுத்துப் பயிற்சி ஆசிரியர் பீட்டர் எல்போ 1973இல் பரப்பிய கட்டற்ற எழுத்துப் பயிற்சியும் இந்த வகுப்புகளில் புகுந்தது. பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பயம் போக இது நல்ல வழி. வாக்கியம் திருந்த இது மட்டும் போதும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஷானஸியின் கூர்மை ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் அதிகம். 1975 டிசம்பரில் ஆங்கிலப் பேராசிரியர்கள் மாநாட்டில் அவர் பேசிய பேச்சு ஒரு ரகளையே. பின்தங்கிய மாணவர்கள் எப்படிப் படிப்படியாக வளர்கிறார்கள் என்று ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்களிடம் வந்து சேரும் ஆசிரியர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று நாலு படி வரைந்து காட்டினார். முதல் படியில் ஆசிரியர் கோட்டையைக் காவல் காக்கிறார், தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடாதபடி. இரண்டாவதில் மதம் மாற்ற வந்த பாதிரியார்போல நல்ல ஆங்கிலத்தைப் போதிக்கிறார். மூன்றாவதில், தான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் ஏறவில்லை என்று சந்தேகம் வந்து தன் பாடத்தையே ஆராய்கிறார். நாலாவதில்தான் தண்ணீரில் குதிக்கிறார், மாணவனிடமிருந்தும் கற்றுக்கொள்ளத் தயாராகிறார்.

அதே மாதம் 'நியூஸ்வீக்' இதழ் அட்டைப்படக் கட்டுரை போட்டது, ஜானிக்கு ஏன் எழுத வரவில்லை என்று. திறந்த சேர்க்கையால் தரம் கெட்டது என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. இந்தப் புலம்பலுக்கு வயது அதிகம். ஹார்வர்டு அமைத்த குழு ஒன்று 1892இல் அங்குள்ள மாணவர்களின் ஆங்கிலத்தைக் கண்டு இதே ஒப்பாரியை வைத்திருக்கிறது. அன்றைக்கு ஹார்வர்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைப் பையன்கள்.

1975இல் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்புக்குப் போனது. 1976இல் நகரப் பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக எல்லா மாணவருக்கும் கல்விக் கட்டணம் வந்தது. ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். ஷானஸியின் நூல் கடைக்கு வந்தபோது அது விவரித்த உலகம் பாதி கலைந்திருந்தது. அடுத்த ஆண்டே, 1978 நவம்பரில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 54.

அவர்மேல் விமர்சனமும் உண்டு. சீனாவில் வளர்ந்து அமெரிக்காவில் பேராசிரியரான மின்-ஜான் லூ 1990களின் தொடக்கத்தில் எழுதினார்: சிந்தனை அப்படியே இருக்கும், மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஷானஸி நம்பிவிட்டார். வீட்டு மொழியை விட்டுக் கல்லூரி மொழிக்குப் போகும்போது மாணவனுக்குள் நடக்கும் சண்டையை அவர் பேசவில்லை. இது நியாயமான குறை. ஆனால் அந்தச் சண்டையைப் பேசவாவது மாணவனை முதலில் ஒரு பொருட்டாகப் படித்திருக்க வேண்டும், அதைச் செய்து காட்டியவர் ஷானஸி என்பேன்.

1998, 99இல் நகரப் பல்கலைக்கழக அறங்காவலர்கள் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து ஆயத்த வகுப்புகளை நீக்க வாக்களித்தார்கள். 2023 தொடக்கத்தில் மீதியிருந்த பழைய பாணி ஆயத்த வகுப்புகளும் முடிவுக்கு வந்தன. இதற்கு உண்மையான காரணமும் இருந்தது. இந்த வகுப்புகளுக்குக் கட்டணம் இருந்தது, பட்டத்துக்கான மதிப்பு இருக்கவில்லை. ஒன்று முடித்து அடுத்தது, அது முடித்து இன்னொன்று என்று படிகள் நீண்டதால், தோற்றவர்களைவிட நடுவிலே காணாமல் போனவர்கள் கவலை தந்தார்கள்.

பால்டிமோர் மாவட்ட சமுதாயக் கல்லூரியில் பீட்டர் ஆடம்ஸ் இதைக் கவனித்து 2007இல் வேறொன்று செய்தார். ஆயத்த வகுப்புக்கு அனுப்பப்பட வேண்டிய எட்டுப் பேரை நேரே கல்லூரி ஆங்கில வகுப்பில், மற்ற பன்னிரண்டு பேரோடு உட்கார வைத்தார். வகுப்பு முடிந்ததும் அந்த எட்டுப் பேருக்கு மட்டும், அதே ஆசிரியரோடு, இன்னொரு வகுப்பு. முதல் வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டதை இதில் கேட்கலாம். நாளை கொடுக்க வேண்டிய கட்டுரையை இன்றே எடுத்துவைத்துப் பார்க்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலை நேரம் மாறிவிட்டது போன்ற கதைகளுக்கும் அங்கே இடம் உண்டு, ஏனென்றால் மாணவர்கள் படிப்பை விட்டதற்கு எழுத்தைவிட இவையே பல நேரம் காரணம். பழைய முறையில் படித்தவர்களைவிட இதில் கூடுதலானோர் தேறினார்கள். அமெரிக்காவெங்கும் கல்லூரிகள் இதைப் பின்பற்றின.

2017இல் கலிஃபோர்னியா சட்டமே இயற்றி, சமுதாயக் கல்லூரி மாணவர்களை ஆயத்தப் படிகளில் நிறுத்தி வைக்காமல் கல்லூரி நிலை ஆங்கிலத்தில் சேர்க்கச் சொன்னது. சட்டத்தால் பழைய வகுப்பை ஒரே நாளில் எடுத்துவிட முடியும். ஆடம்ஸின் முறைக்கு வேண்டியது சிறிய குழு, கூடுதல் மணி நேரம், அதற்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர். எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்றதும் எந்த நிதி அதிகாரிக்கும் முகம் சுருங்கும். அதனால் பழைய வகுப்பை நீக்கிய வேகத்தில் புதிய மணி நேரம் எல்லா இடத்திலும் வந்து சேரவில்லை. ஒரு கல்லூரியில் துணை வகுப்போடு உட்காரும் மாணவி, அடுத்த ஊர்க் கல்லூரியில் அது இல்லாமலே அதே பாடத்தில் உட்காருகிறாள்.