எலும்பு போச்சு, பெயர் இருக்கு

அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்காக மொரப்பூர், அரூர் பக்கமிருந்து பலர் கல்லைப் படம் பிடித்து அனுப்பியபடி இருக்கிறார்கள். பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: இது புதைபடிவமா?

இல்லை. மொரப்பூர்ப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை. எலும்புள்ள பிராணி பிறக்கவே அதற்குப் பின் ஏறக்குறைய 200 கோடி ஆண்டு ஆனது. பலர் அனுப்பிய ‘பெரணி இலை’, விரிசலில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசுக் கறை.

புதைபடிவத்துக்கு அரியலூர் போக வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கல்லமேட்டில் கண்ட டைனோசரின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு 2 மீட்டர். பேருடல் டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்கே அந்தப் பகுதி எலும்பு 1.55 மீட்டர்தான். 1987 தேதியிட்ட கட்டுரையில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்து, ஊனுண்ணி என்றார்கள். பின்னால் வந்தவர்கள் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள். சரிபார்க்க எலும்பு? மழையில் ஊறி உதிர ஆரம்பித்திருந்த அது, மாவுக்கட்டுப் போட்டும் ஆய்வகம் சேருமுன் பொடியாகிவிட்டது.

பெயர் மட்டும் பிழைத்தது எப்படி? சர்வதேச விதிப்படி புதிய இனத்தின் பெயர் ஒரு மூலமாதிரியோடு கட்டப்படுகிறது. சந்தேகம் வந்தால் யாரும் போய்ப் பார்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதிரி அழிந்தாலும் பெயர் அழியாது என்பதும் அதே விதிதான். நிலம் ஆற்றோடு போன பிறகும் பட்டா செல்லுபடியாவது மாதிரி! மாற்று மாதிரி அறிவிக்கலாம். அதற்கு இன்னொரு எலும்பு கிடைக்க வேண்டுமே.

பல ஆண்டுகள் சில கோட்டோவியங்களே சாட்சி. அது எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். அந்த வட்டாரத்தில் கல்மரம் உண்டு. தோண்டியபோது எடுத்த பழைய படங்களை 2022-ல் அய்யாசாமியும் சக ஆய்வாளரும் வெளியிட்ட பிறகே பேச்சு அடங்கியது. மறு ஆண்டே அந்த டைனோசருக்கு எடையும் போட்டாயிற்று: 110 முதல் 170 டன். இடைவெளியே 60 டன் என்றால் அதை எடை என்பதா, ஊகம் என்பதா?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

குன்னத்தில் 2020-ல் கிடைத்தது டைனோசர் முட்டையா? இல்லை, அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டை.

சாத்தனூர் கல்மரம் நிஜமா? நிஜம். 18 மீட்டர் நீளம், 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவித்தது.

கல்லைப் பெயர்த்து எடுத்து வரலாமா? வேண்டாம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.