களைக்கருவியும் கைப்பிடியின் உயரமும்

சேக்காட்டை விட்டு ரெயில் பாதையோடு மேற்கே செல்லச் செல்ல, பட்டாபிராமின் குடியிருப்புகள் பின்தங்கி, திருவள்ளூர் ஜில்லாவின் ஏரிப் பாசன நெல்வயல்கள் தென்படத் தொடங்கும்; ஐ.ஆர். 20 என்னும் புகழ்பெற்ற நெல்லின் பெற்றோரில் ஒன்றாகிய டி.கே.எம். 6 ரகத்தைத் தந்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் அத்திசையிலேதான் இருக்கிறது. இவ்வயல்களில் நாற்று நட்ட பெண்களே மறுபடியும் சேற்றில் இறங்கி, பொழுதெல்லாம் குனிந்து களை பறிக்கும் பிரயாசையைக் குறைக்கவல்ல சாதனம், கோனோ வீடர் என்று வழங்கும் தள்ளு களைக்கருவி.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இதன் அமைப்பு எளியது: நீண்ட கைப்பிடி, சேற்றில் அமிழாமல் தாங்கும் மிதவைத் தகடு, அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூம்பு உருளைகள். ஒன்றின் அகன்ற முனை வலப்புறம் இருந்தால் மற்றதன் அகன்ற முனை இடப்புறம் இருக்கும். கூம்பு நேராக உருளாமல் ஒரு பக்கம் விலகும் சுபாவமுடையதாகையால், எதிரெதிராகப் பொருத்திய இவ்விரண்டும் மேல்மண்ணை அப்படியும் இப்படியும் அலைக்கழிக்க, உருளைமீதுள்ள ரம்பப்பல் தகடுகளில் சிக்கிய களை பெயர்ந்து, சேற்றுள் புதைந்து, எருவாகிறது.

மடகாஸ்கரில் லோலானியே பாதிரியார் வகுத்த சதுர நடவு முறை, 2000-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோதனைகளுக்கு உட்பட்டு, பிறகு காவிரி, தாமிரபரணிப் பாசன விவசாயிகளின் வயல்களுக்குச் சென்றபோது, இக்கருவியும் உடன் சென்றது. சென்ற இடத்தில்தான் மெய்யான பரீட்சை காத்திருந்தது. கனம் மிகுதி என்றார்கள் பெண்கள். கருவி வந்தபின் களையெடுப்பு ஆண்கள் கைக்கு மாறிய ஊர்களும் உண்டு. இதை நான் சிறு விஷயமாகக் கருதவில்லை. கூலியை நம்பிய குடும்பத்தில் அது வருமானத்தையே தொடும் சங்கதி. ஆந்திரத்தில் எடை குறைந்த மண்டவா களைக்கருவி வழக்கத்துக்கு வந்ததும், ஹைதராபாத்தின் வாஸன் என்ற தொண்டு நிறுவனம் பலவகைக் களைக்கருவிகளைத் தொகுத்துக் கைநூலாக வெளியிட்டதும், உழைப்பவரின் அபிப்பிராயத்தைக் கேட்டு அமைக்கவேண்டிய அவசியத்தை உணர்ந்ததால்தான்.

அப்படிக் கேட்டுச் செய்யக்கூடிய எளிய திருத்தம் ஒன்று கைப்பிடியின் உயரம்: கைப்பிடிக் குழாயில் மூன்று துளைகளிட்டு, போல்ட்டை மாற்றி முடுக்கினால், தள்ளுபவரின் உயரத்துக்கேற்ப அது ஏறி இறங்கும். வெல்டிங்கும் டிரில்லும் உள்ள எந்தச் சிறு பட்டறையிலும், 1964-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும்தான், இது அரைமணி வேலை. ஆனால் மிதவையின் சாய்வை வரப்பிலேயே நிறுத்தித்தான் சரிபார்க்க வேண்டும்; இளகிய சேற்றில் முனை சற்று நிமிர்ந்திருக்காவிட்டால் கருவி புதையும்; களிமண் வயலிலோ விரற்கடை அளவு தண்ணீர் கட்டாமல் தள்ளினால் உருளை சுற்றாது.