கம்பெனியில் விடுவதா, வெளியில் விடுவதா?

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தபோது, அதன் ஆலை இருக்கும் மறைமலை நகரில் பேச்செல்லாம் வேலை இழப்பைப் பற்றியே இருந்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் அன்று கவலைப்பட்டவர்கள் தொழிலாளர்கள் மட்டுமல்ல. 1999-இல் வந்த ஐகான் முதல் ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வரை இந்த ஆலையில் பிறந்த வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கும் ஒரு கேள்வி எழுந்தது: இனி சர்வீஸுக்கு எங்கே போவது? 2022 ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் ஆலையை விட்டு வெளியேறியது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும், சென்னை உட்பட ஐந்து இடங்களில் உதிரிபாகக் கிடங்குகள் இருக்கும் என்று கம்பெனி உறுதி சொன்னது. இருந்தும் ஷோரூம்கள் குறைந்தன. சில இடங்களில் வேறு கம்பெனியின் பலகை ஏறியது. ஜிஎஸ்டி சாலையில் அந்த வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2029 முதல் இங்கே எஞ்சின் தயாரிக்கப்போவதாக ஃபோர்டு அறிவித்தது நல்ல செய்திதான். பழைய ஃபிகோவுக்கு பிரேக் பேட் தேடுகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய சங்கடமாக இதை நினைத்துவிட வேண்டாம். பராமரித்தால் ஒரு கார் பதினைந்து ஆண்டு ஓடும். அதை விற்ற டீலரோ, ஏன் தயாரித்த கம்பெனியோகூட, அத்தனை ஆண்டு கூடவே இருப்பார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அப்படியிருக்க, "நான் எப்போதும் கம்பெனி சர்வீஸ்தான்" என்பதும் "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், நமக்குத் தெரிந்த மெக்கானிக் போதும்" என்பதும் ஒரே மாதிரித் தவறுதான். வண்டி முழுவதையும் ஆயுளுக்கும் ஓரிடத்தில் ஒப்படைத்துவிடுகிற மனப்பான்மை இரண்டிலும் இருக்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டியது செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற இடத்தை. வண்டியின் வயது ஏற ஏற அந்தத் தேர்வும் மாற வேண்டும்.

கம்பெனி சர்வீஸில் மட்டுமே கிடைக்கும் சில விஷயங்களை முதலில் பார்க்கலாம். வாரண்டியில் பாகம் மாற்றுவது, எஞ்சின் கணினியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, ஏர்பேக் கோளாறு, கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் போன்றவை அங்கேதான் நடக்கும். ரீகால் வேலைக்குப் பணம் கிடையாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானாக பிரேக் போடும் புது வண்டிகளில், முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளந்து பொருத்த வேண்டும். அதை ஷெட்டில் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இவை போக மிச்சமெல்லாம் வியாபாரம். புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. கடையை நடத்த வைப்பது சர்வீஸ் பில். அந்த பில்லை வரிவரியாகப் படித்தாலே இது புரியும். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் வாஷர், ஏர் ஃபில்டர் என்று முதல் நாலைந்து வரிகள் வண்டியோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருப்பவை. அதற்குக் கீழே த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி ட்ரீட்மென்ட், எஞ்சின் டிரெஸ்ஸிங், இன்டீரியர் கிளீனிங் என்று ஒரு வரிசை இறங்கும். இவை பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது. ஜாப் கார்டு போடும்போது சர்வீஸ் அட்வைசர் மளமளவென்று படித்துவிட்டுக் கையெழுத்து கேட்கிற இடம் இதுதான். கையேட்டைத் திறந்து, "இதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல்ல வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. சொல்பவர்கள்தான் குறைவு.

வெளியே விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயம் பாதி உண்மை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, ஹோண்டா, டொயோட்டா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன, ஃபோர்டும் இருந்தது. அதிகம் விற்பனையாகும் உதிரிபாகங்களின் விலை சராசரியாக 100 சதவீதமும், சிலவற்றில் 5,000 சதவீதம் வரையும் ஏற்றப்பட்டிருப்பதாக ஆணையம் கண்டது. வெளி மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்குகள் இழுத்துக்கொண்டே போனதால் நடைமுறை பெரிதாக மாறவில்லை. எனவே உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும்; புது வண்டிக்கு வாரண்டி இருக்கும் முதல் மூன்று ஆண்டுகள் ஆயில் மாற்றுவதைக் கம்பெனியிலேயே செய்துகொள்வது புத்திசாலித்தனம். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், கியர்பாக்ஸ் போனால் வாதாட வேண்டிய நிலைக்கு வருவது வீண் வேலை. காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி தனி ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளைப் படித்த பிறகே ஷெட் பக்கம் போக வேண்டும்.

வாரண்டி முடிந்ததும் கணக்கு தலைகீழாகிறது. கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், பிரேக், ரேடியேட்டர் முதலியவை கைப்பழக்கமும் அனுபவமும் கேட்கும் வேலைகள். கம்பெனியில் அசெம்ப்ளியை முழுதாக மாற்றச் சொல்லும் இடத்தில், நல்ல ஷெட் மெக்கானிக் தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றித் தருவார். "வெளியில் டூப்ளிகேட் பாகம் போடுவார்களே?" என்பது இங்கே எழும் நியாயமான ஆட்சேபம். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதைத் தவிர்க்கச் சென்னைவாசிக்கு இருக்கும் வசதி நாட்டில் பலருக்கு இல்லை. கார் கம்பெனிகளுக்கு பிரேக் பாகமும் மின் பாகமும் செய்து கொடுக்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் ஆகியவை பாடியில் இருக்கின்றன. ரானேயின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில். இவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் வெளிச்சந்தையில் விற்கிறார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் பெட்டி பிரிக்காத பாகத்தை எம்ஆர்பி பார்த்து, பில்லோடு நாமே வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், "பில் இல்லாமல் போட்டால் மலிவு" என்ற பேச்சுக்கும் வலு குறைந்துவிட்டது. புதுப்பேட்டையில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய பிரேக் பாகத்தை வாங்கக் கூடாது.

ஷெட்டில் உண்மையான ஆபத்து டூப்ளிகேட் பாகத்தைவிட ஆயிலில்தான் அதிகம். ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி சுழல்கிறது. கம்பெனி குறிப்பிட்ட தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினால் பெல்ட்டின் ரப்பர் இளகி உதிரும். துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். எஞ்சினுக்கு ஆயில் ஏறாமல் போகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றாவிட்டால், புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். "எல்லா வண்டிக்கும் இதேதான் சார் ஊற்றுகிறோம்" என்று பீப்பாயைக் காட்டும் ஷெட்டிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. ஸ்கேனர் இல்லாத ஷெட்டும் அப்படித்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்காமல், சென்சாரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறவர் நம் காசில் பாடம் படிக்கிறார்.

வீட்டிலேயே செய்வதைப் பற்றி இணையக் காணொளிகள் காட்டும் உற்சாகத்தில் பாதியை எடுத்துக்கொண்டால் போதும். ஏர் ஃபில்டர், பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனையில் பூக்கும் பச்சையைத் துடைப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. இதற்கு லேபர் கொடுப்பது தேவையற்றது. ஆனால் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில், வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு. அந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. ஆயிலை வீட்டில் மாற்றினாலும், வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. அதை மழைநீர் வடிகாலில் ஊற்றினால் போய்ச் சேருவது நம் ஏரிதான். வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்பவர்களையும் இந்த ஒரு கேள்வி கேட்டே எடை போடலாம்.

சென்னையின் தெற்குப் புறநகருக்கு உரிய ஒரு விதிவிலக்கு வெள்ளம். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நீரில் நின்ற வண்டிகளில், சாவியைத் திருகிப் பார்த்தவர்கள் எஞ்சினையே இழக்க நேர்ந்தது. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முதலில் சொல்லி, அவர்கள் பட்டியலில் உள்ள பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எந்த ஷெட்டிலும் பிரிக்கக் கூடாது.

வெளியில் சர்வீஸ் செய்த வண்டி மறுவிற்பனையில் விலை போகாது என்பார்கள். கம்பெனி பதிவு இருந்தால் பேரம் எளிது என்பது மெய்தான். ஆனால் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் தரக் குறியீடு, பாகத்தின் எண் இத்தனையும் உள்ள பில்களை அடுக்கி வைத்திருந்தால் வாங்குபவர் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. அப்படி பில் எழுதித் தர முடியாத இடம், கம்பெனியோ ஷெட்டோ, நமக்கு வேண்டாம். வெளியில் ஆயில் மாற்றியதைச் சொல்லி வாரண்டியை மறுத்தால், எந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.