கோச் அழைத்தார் என்றால் கல்லூரி கிடைத்துவிட்டதா?

அமெரிக்காவில் பள்ளியின் கடைசி வகுப்பை நெருங்கும் ஒரு பையன், பள்ளி அணிக்காக ஃபுட்பால் ஆடுகிறான். நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதி வீழ்த்துவதுமான ஆட்டம். ஒரு நாள் மாலை அவன் கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. ஓஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ இரண்டாயிரம் பேர் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியின் கோச் எழுதியிருக்கிறார். உன் ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன், எங்கள் அணிக்கு நீ வேண்டும், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வா என்கிறார். வீடு பூரித்துப் போகிறது. 'பையனுக்கு ஸ்காலர்ஷிப்போடு காலேஜ் கிடைத்துவிட்டது' என்று உறவினர்களுக்கெல்லாம் தகவல் பறக்கிறது.

அந்த மாலையில் அவனுக்குக் கிடைத்திருப்பது ஓர் அழைப்பு மட்டுமே. கல்லூரியில் இடம் தருவது அட்மிஷன் அலுவலகம். பணம் தருவது நிதியுதவி அலுவலகம். கோச்சின் கையில் இருப்பது அணியின் ஆட்டக்காரர் பட்டியல் ஒன்றுதான். மூன்றும் மூன்று கதவுகள். ஒன்று திறந்ததைப் பார்த்து மற்ற இரண்டும் திறந்துவிட்டதாக நம்பும் குடும்பங்கள்தான் பின்னால் கடனில் விழுகின்றன.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1973இல் தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. லட்சம் பேர் அமரும் மைதானங்களும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் உள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் முதல் டிவிஷனைச் சேர்ந்தவை. சிறிய கல்லூரிகளில் பெரும்பாலானவை மூன்றாவதில் இருக்கின்றன. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் கொண்ட இந்த டிவிஷனில் ஏறத்தாழ 240 கல்லூரிகள் ஃபுட்பால் அணி வைத்திருக்கின்றன. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஒரு டாலர்கூடக் கிடையாது. மாணவனுக்கு எவ்வளவு உதவி என்று முடிவு செய்யும்போது அவன் விளையாட்டு வீரன் என்பதைக் கணக்கில் எடுப்பதே விதிமீறல். விளையாடும் மாணவர்களுக்கும் மற்ற மாணவர்களுக்கும் கொடுத்த உதவி பற்றிய கணக்கை என்சிஏஏ ஆண்டுதோறும் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறது. டென்னிஸ், நீச்சல், சாக்கர் ஆடும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும்.

இரண்டாவது டிவிஷனிலும், என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் சேர்ந்திருக்கும் சிறு கல்லூரிகளிலும் விளையாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் ஒரு ஃபுட்பால் அணிக்கு, முன்னதில் 36 முழு உதவித்தொகைக்கும் பின்னதில் 24 முழு உதவித்தொகைக்கும் ஈடான தொகைதான் உச்சவரம்பு. அதை நூறு பேர் கொண்ட அணிக்குப் பங்கிட்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உதவித்தொகை தர முடியாத கோச் ஏன் இவ்வளவு ஆர்வமாக ஆள் சேர்க்கிறார்? இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். மிச்சிகனில் உள்ள ஏட்ரியன் கல்லூரி 2005 வாக்கில் மாணவர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. புதிதாகத் தலைவர் பொறுப்பேற்ற ஜெஃப்ரி டாக்கிங் விளையாட்டு வசதிகளைப் பெருக்கினார், புதிய அணிகளைத் தொடங்கினார், ஒவ்வொரு கோச்சும் ஆண்டுக்கு இத்தனை மாணவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார். சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. அவர் இதை மறைக்கவில்லை. இந்த வழியை விளக்கிப் புத்தகமே எழுதினார். மற்றச் சிறு கல்லூரிகளும் இதே வழியில் போயின. நூற்றைம்பது பையன்கள் ஃபுட்பாலுக்காகச் சேர்ந்தால் நூற்றைம்பது பேரின் கட்டணமும் விடுதிப் பணமும் கல்லூரிக்கு வரும். இதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தக் கல்லூரிகளில் நன்றாகப் படித்து, நன்றாக ஆடி வெளியே வந்தவர்கள் ஏராளம். ஆனால் உங்கள் பையனைத் தேடி வரும் கோச் திறமையைத் தேடுவதோடு கல்லூரிக்கு மாணவர் சேர்க்கும் வேலையையும் செய்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு பேச உட்காருங்கள்.

பணத்துக்கு வருவோம். தனியார் சிறு கல்லூரிகளில் கட்டணமும் விடுதியும் சேர்ந்து ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த விலையை முழுதாகக் கட்டுகிறவர் குறைவு. மதிப்பெண்ணுக்காக என்ற பெயரில் கல்லூரியே பெரிய தள்ளுபடி தருகிறது. பெரும்பாலான மாணவர்களுக்கு ஏதோ ஒரு தள்ளுபடி உண்டு. இதைத்தான் கோச்சும் பேச்சுவாக்கில் 'ஸ்காலர்ஷிப்' என்கிறார், வீட்டிலும் அப்படியே நம்புகிறார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். விலை 62,000, தள்ளுபடி 30,000 என்றால் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 32,000. நான்கு ஆண்டுக்கு 1,28,000 டாலர். அதே பையனுக்குச் சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி தராமலேயே இதைவிடக் குறைவாக முடியலாம். தள்ளுபடித் தொகை நான்கு ஆண்டும் அப்படியே நிற்க, கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் ஏறும் கல்லூரிகளும் உண்டு. குறிப்பிட்ட மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனால் தள்ளுபடி பறிபோகும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். உதவிக் கடிதத்தில் கடனையும் 'உதவி' என்ற தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டாதது எது, கட்ட வேண்டியது எது என்று பேனாவால் பிரித்துக் குறித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இதற்குச் சட்டமே ஒரு கருவி கொடுத்திருக்கிறது. 2008இல் நிறைவேறிய உயர்கல்விச் சட்டத்தின்படி, மாணவர்களுக்கு மத்திய அரசின் நிதியுதவி பெற்றுத்தரும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும். வீட்டு வருமானத்தையும் மதிப்பெண்ணையும் கொடுத்தால், உங்கள் குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தோராயமாகச் சொல்லும். கல்லூரியைப் பார்க்கப் பயணம் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். உதவி போதவில்லை என்றால் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். வேலை இழப்பு, மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு ஆதாரம் இணைத்தால் தொகையை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கோச்சிடம் கெஞ்சிப் பயனில்லை. அவர் தலையிடவும் கூடாது.

விளையாட்டுக்காக உதவித்தொகை இல்லை என்ற விதி ஒரு பாதுகாப்பாகவும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மூன்றாவது டிவிஷனில் பையன் அணியை விட்டு விலகினாலும், காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும், கோச் அவனை நீக்கினாலும், அந்தக் காரணத்துக்காக அவனுடைய உதவியைக் குறைக்கக் கூடாது. விளையாட்டுக்காகக் கொடுக்காத பணத்தை விளையாட்டுக்காகப் பிடுங்க முடியாது. 'அணியை விட்டுப் போனால் உன் ஸ்காலர்ஷிப் போய்விடும்' என்று யாராவது மிரட்டினால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பிறகு நிதியுதவி அலுவலகத்தில் நேரே கேளுங்கள். ஒவ்வொரு என்சிஏஏ கல்லூரியிலும் விளையாட்டுத் துறைக்கு வெளியிலிருந்து, ஆசிரியர்கள் சார்பில் ஒரு விளையாட்டுப் பிரதிநிதி இருப்பார். முறையிட அவரும் ஒரு வழி.

இடம் பற்றிய குழப்பம் இன்னொரு வகை. பட்டியலில் உன் பெயரை வைத்திருக்கிறேன், எர்லி டிசிஷனில் விண்ணப்பித்துவிடு என்பார் கோச். எர்லி டிசிஷன் என்பது, இடம் கொடுத்தால் கட்டாயம் சேர்வேன், மற்றக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று மாணவன் தரும் உறுதி. பல கல்லூரிகளில் இதற்குக் கடைசி நாள் நவம்பர் மாதம். உறுதி கொடுத்துவிட்டால் நான்கு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு போய்விடுகிறது. கிடைத்த உதவியைக் கொண்டு படிக்கவே முடியாது என்றால் மட்டும் அந்த உறுதியிலிருந்து விடுவிக்கக் கேட்கலாம். கோச்சின் ஆதரவு அட்மிஷனில் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். படிப்பில் கடுமையான சில கல்லூரிகளில், கோச் கேட்டால் அட்மிஷன் அலுவலகம் மதிப்பெண்களை முன்கூட்டியே பார்த்துக் கருத்துச் சொல்லும். எர்லி டிசிஷனுக்கு முன் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. அதுவும் இட உறுதி ஆகாது. பள்ளியில் மேசை போட்டு, தொப்பி அணிந்து, படம் எடுத்துக் கையெழுத்துப் போடும் விழா நடக்கிறதே, மூன்றாவது டிவிஷனில் அந்தக் காகிதம் கொண்டாட்டத்துக்கு மட்டும்தான். அது யாரையும் கட்டுப்படுத்தாது.

களத்தில் ஒரு நேரத்தில் இறங்குவது பதினொரு பேர். சிறு கல்லூரிகளின் பட்டியலில் நூறுக்கு மேல் பெயர்கள் இருப்பது வழக்கம். வெளியூர் ஆட்டத்துக்கு எல்லாரையும் பேருந்தில் ஏற்றிச் செல்வதில்லை. என் பையனின் இடத்தில் ஆடும் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள், இந்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டிலும் அணியில் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு எண்ணாகப் பதில் வர வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு வழி இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, எந்த விளையாட்டில் எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் கணக்குத் தருகின்றன. அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கல்லூரி வெளியிடும் பழைய அணிப் பட்டியல்களை எடுத்து வைத்து, முதலாண்டில் இருந்த பெயர்கள் மூன்று ஆண்டு கழித்து எத்தனை மிச்சம் என்று எண்ணுவது அதைவிட எளிது.

உடம்பைப் பற்றிக் கேட்கப் பெற்றோர் கூசுகிறார்கள். கூசாதீர்கள். 2011 ஆகஸ்டில் மேரிலாந்தின் ஃப்ராஸ்ட்பர்க் அரசுப் பல்கலைக்கழகத்தில், அப்போது அது மூன்றாவது டிவிஷன், டெரெக் ஷீலி என்ற 22 வயது வீரர் பருவத்துக்கு முந்திய பயிற்சியில் தலையில் அடிபட்டு விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அடுத்தடுத்த பயிற்சிகளில் நெற்றியில் ரத்தம் வந்தும் அவரைத் தொடர்ந்து ஆட விட்டார்கள் என்றது பெற்றோர் தொடுத்த வழக்கு. மாணவ வீரர்களைப் பாதுகாக்கும் சட்டக் கடமை தனக்கு இல்லை என்று என்சிஏஏ நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்தது. 2016இல் 12 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. அந்தப் பதிலை ஒவ்வொரு பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும் என்பேன். பெரிய அமைப்பு ஒன்று பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று கண்டறியப்பட்டவன் அன்றைக்கு மீண்டும் களமிறங்கக் கூடாது என்பது விதி. அதை நடைமுறைப்படுத்த மைதானத்தில் மருத்துவப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, எல்லாப் பயிற்சிக்கும் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

காப்பீட்டையும் இப்போதே கேட்க வேண்டும். என்சிஏஏவின் பெருங்காயக் காப்பீடு 90,000 டாலர் செலவைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். அதுவரை வரும் செலவுக்கு மாணவனுக்குக் காப்பீடு இருக்கிறது என்று கல்லூரி உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலும் அது அப்பா அம்மாவின் காப்பீடுதான். கல்லூரியின் காப்பீடு இருந்தாலும், உங்கள் காப்பீடு கொடுத்தது போக மீதிக்குத்தான் வரும். டெக்சஸில் எடுத்த காப்பீடு ஓஹையோ மருத்துவமனையில் செல்லுமா என்று இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். 2024 ஆகஸ்ட் முதல், படிப்பை முடித்து வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டு வரை, கல்லூரி ஆட்டத்தில் பட்ட காயத்தின் சிகிச்சைக்கு 90,000 டாலர் வரை தரும் காப்பீடு ஒன்றை என்சிஏஏ மூன்று டிவிஷன்களுக்கும் கொண்டுவந்திருக்கிறது. இதை அறியாமல் கைக்காசு செலவழிக்காதீர்கள்.

கல்லூரியே மூடப்படும் ஆபத்தும் உண்டு. அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி மூன்றாவது டிவிஷனின் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அணி நன்றாக ஆடுவது கல்லூரி நன்றாக இருப்பதற்குச் சான்றல்ல. லாபநோக்கற்ற தனியார் கல்லூரிகளின் வரிக் கணக்கு பொதுவில் கிடைக்கும். தொடர்ந்து பற்றாக்குறை என்றால் யோசியுங்கள். மூடும் நேரத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களும், அதற்கு முந்திய 180 நாளுக்குள் விலகியவர்களும், படிப்பை வேறிடத்தில் தொடர்ந்து முடிக்காத நிலையில், மத்திய அரசின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். தனியார் வங்கிக் கடனுக்கு இது பொருந்தாது.

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'உங்கள் பையனைக் கோச்சுகள் கண்ணில் படவைக்கிறோம்' என்னும் நிறுவனங்களும் இருக்கின்றன. சிறு கல்லூரிக் கோச்சுக்குப் பையனே மின்னஞ்சல் எழுதலாம், வீடியோவை அனுப்பலாம், கோச் படிப்பார். உதவித்தொகை உறுதி என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். கொடுத்து ஏமாந்திருந்தால் ரசீதோடு ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் செய்யுங்கள்.

சேர்வதாக முடிவைத் தெரிவிக்கப் பெரும்பாலான கல்லூரிகளில் வழக்கமான கடைசி நாள் மே 1. அதற்கு முன் அட்மிஷன் கடிதம், உதவிக் கடிதம், காப்பீட்டு விவரம் மூன்றையும் அச்செடுத்து வீட்டு மேசையில் வையுங்கள். பையனை அருகில் உட்காரவைத்து, ஃபுட்பால் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில் நான்கு ஆண்டு படிப்பாயா என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.